தூரத்துத் தங்கத்தைக் காட்டும் கம்பி: பந்தலூரிலிருந்து ஒரு மதிப்புரை

'லாங் ரேஞ்ச் கோல்ட் லொகேட்டர்' என்று சொல்லி விற்கப்படும் ஒரு கைக்கருவியைப் பற்றியது இது. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் மண்ணுக்கடியில் எங்கே தங்கம் இருந்தாலும் திசை காட்டுமாம், 50 அடி ஆழம் வரைக்கும். விலை ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய். அவ்வளவு போட முடியாதவர்களுக்குச் சேவையாகவும் தருகிறார்கள். கருவியோடு ஓர் ஆள் வருவார், நிலத்தைச் சுற்றிப் பார்ப்பார், இடத்தைக் குறித்துக் கொடுப்பார். முன்பணம் 15,000, வண்டிச் செலவு தனி, பொருள் கிடைத்தால் நாலில் ஒரு பங்கு அவர்களுக்கு. எங்கள் குடும்பம் எடுத்தது இந்த இரண்டாவது வகை. ஐந்து நட்சத்திரத்துக்கு நான் கொடுப்பது ஒன்று. அந்த ஒன்றும் கருவி வந்த பெட்டிக்கு. ஓரங்களில் ரப்பர் வைத்து, உள்ளே ஸ்பாஞ்சை அச்சாக வெட்டிப் பொருத்திய, தண்ணீர் புகாத அருமையான பெட்டி. என் மல்டிமீட்டருக்கு அப்படி ஒன்று கிடைத்தால் தேவலை.

கம்பெனியின் பெயரை எழுதவில்லை. எழுதியும் பயனில்லை, இதே கம்பி வேறு வேறு ஸ்டிக்கரோடு வேறு வேறு பெயரில் விற்கிறது.

நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர் பஜாரில் செல்போன், மிக்ஸி, எமர்ஜென்சி லைட் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கணவர் வீட்டுக்கு ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் ஆள் கூலியும் உரமும் போக மிஞ்சுவது என்ன என்று இந்தப் பக்கத்துச் சிறு விவசாயி யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அப்படி இருக்கும்போது யூடியூபில் ஒருவர் புல்தரையில் மோதிரத்தைப் போட்டு, கம்பியைப் பிடித்து நடந்து, கம்பி 'டக்'கென்று மோதிரத்தின் பக்கம் திரும்பும் வீடியோவைப் பார்த்தால் மனுசனுக்கு என்ன தோன்றும்? என் கொழுந்தனாருக்குத் தோன்றியது. எனக்குச் சொல்லாமலே முன்பணத்தை அனுப்பிவிட்டு, அப்புறம்தான் வந்து, "அண்ணி, நீங்க எலெக்ட்ரானிக்ஸ் ஆளு, கூட இருங்க" என்றார்.

வெளியூர்க்காரர்கள் 'நீலகிரியில் தங்கமா' என்று சிரிப்பார்கள். இருக்கிறது. அதுதான் பிரச்சினையே. பந்தலூர், தேவாலா, சேரம்பாடிப் பக்கம் பாறைக்குள் வெள்ளைக்கல் நரம்பு ஓடுகிறது, குவார்ட்ஸ். அதில் தங்கம் உண்டு. பணியர், குறும்பர் என்ற பழங்குடியினர் ஓடை மணலை மரத்தட்டில் அலசித் தங்கப்பொடி எடுத்ததெல்லாம் தேயிலைக்கும் காப்பிக்கும் முந்தைய கதை. 1870-களில் தேவாலாவில் ஆல்ஃபா என்று ஒரு கம்பெனி தோண்ட ஆரம்பித்தது. 1879-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறையில் இருந்த ப்ரோ ஸ்மித் என்பவரை அரசாங்கம் வரவழைத்தது. மறு வருடம் அவருடைய அறிக்கை வந்தது, நம்பிக்கையூட்டும் அறிக்கை. லண்டனில் கம்பெனி மேல் கம்பெனி முளைத்தது. ஜனங்கள் பந்தலூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் பங்கு வாங்கினார்கள். நொடித்துக்கொண்டிருந்த காப்பித் தோட்டங்களைத் தங்க வயல் என்று சொல்லித் தோட்டக்காரர்கள் நல்ல விலைக்குக் கைமாற்றினார்கள். கல்லை உடைத்து அரைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: தங்கம் இருக்கிறது, ஆனால் எடுக்கிற செலவுக்குக் கட்டாது. கொஞ்ச வருடத்திலேயே கம்பெனிகள் காலி. சுரங்கக் குழிகள் மட்டும் காட்டுக்குள் வாய் திறந்தபடி மிச்சம்.

அந்தச் சூதாட்டத்தில் லாபம் பார்த்தவர்கள் பங்கை விற்றவர்களும் நிலத்தை விற்றவர்களும்தான், தோண்டியவர்கள் இல்லை. இதைக் கொழுந்தனாரிடம் முதல் நாளே சொன்னேன். "அப்பல்லாம் மெஷின் இல்லையே அண்ணி" என்றார்.

அதே 1880-களில் கோலாரில் தோண்டியவர்களுக்குத் தங்கம் கிடைத்தது, கிடைத்துக்கொண்டே இருந்தது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய், 2001 வரைக்கும் எடுத்தார்கள். அங்கேயும் எந்தக் கம்பியும் திரும்பவில்லை. பாறையை வெட்டி எடுத்து, பொடித்து, உருக்கி, டன்னுக்கு எத்தனை கிராம் என்று எடைபோட்டுப் பார்த்துத்தான் அடுத்த அடி வைத்தார்கள். தங்கம் தேடுவது என்றால் இன்றைக்கும் அதுதான் வழி.

எங்கள் நிலத்தின் மேல்கோடியில் ஒரு கல் குவியல் இருக்கிறது. டிப்பு சுல்தானின் படை போன வழி என்று ஒரு கதை, வெள்ளைக்காரத் துரை ஓடும்போது புதைத்தது என்று இன்னொரு கதை. நீலகிரியில் பழங்காலக் கல்லறைகளான கல்வட்டங்கள் இருப்பது உண்மை. 1870-களின் தொடக்கத்தில் மாவட்டக் கமிஷனராக இருந்த ப்ரீக்ஸ் அவற்றைத் தோண்டி எடுத்த பானைகளும் வெண்கலக் கிண்ணங்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. கொஞ்சம் தங்க நகையும் அந்தக் கல்லறைகளில் கிடைத்ததுண்டு. அதனால் தேயிலைக்கு நடுவே நாலு கல் சேர்ந்திருந்தால் போதும், ஊர் புதையல் என்று சொல்லிவிடும். எங்கள் குவியல், என் கணிப்பில், தேயிலை நட நிலம் திருத்தியபோது ஓரத்தில் பொறுக்கிப் போட்ட கல். நிலமோ ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. பழைய ஜென்மி நிலவுடைமையை ஒழிக்க வந்த 1969-ஆம் வருடத்துச் சட்டம், இன்னும் பட்டா வரவில்லை. மேல்மண்ணே யாருடையது என்று தெரியாத இடத்தில் அடிமண்ணில் இருப்பதற்குப் பங்கு பேசி முடித்தாயிற்று.

சரி, கருவிக்கு வருவோம்.

கைப்பிடி ஒன்று. அதன் தலையில் பேரிங். பேரிங்கில் பக்கவாட்டில் சுழலும்படி பொருத்திய, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவில் இருக்கும் இழுத்து நீட்டும் ஆன்டெனா. கைப்பிடியில் ஒரு திருகு, அதைச் சுற்றித் தங்கம், வெள்ளி, வைரம், செம்பு, நீர் என்று எழுத்து. சின்ன விளக்குகள், 'பீப்' சத்தம். இடுப்பில் மாட்ட ஒரு டப்பா, அதிலிருந்து கைப்பிடிக்கு வயர். அவ்வளவுதான். கருவியோடு வந்தவர் மரியாதையான ஆள், வெள்ளைச் சட்டை, பேச்சில் ஃப்ரீக்வென்ஸி, மாலிக்யூல், ஜெர்மன் டெக்னாலஜி. முதல் அரை மணி நேரம் நான் 'மேடம்', அதன்பின் 'அக்கா'.

காலையில் நடக்க ஆரம்பித்தார். ஆன்டெனா லேசாக முன்பக்கம் சாய்ந்திருக்கும்படி பிடிக்கிறார். இதில்தான் சூட்சுமம். கீல் தளர்ந்த கேட் சரிவுப் பக்கமாகத் தானே திறந்துகொள்ளும் அல்லவா, அதே கதைதான். மணிக்கட்டு ஒரு நூலளவு இடப்பக்கம் சாய்ந்தால் கம்பி இடப்பக்கம் ஓடும். பார்க்கிறவர் கண்ணுக்கு அந்தச் சாய்வு தெரியாது, பிடித்திருக்கிறவருக்கே தெரியாது. கம்பி சும்மா திரும்பியது என்றுதான் இருவருக்கும் தோன்றும். அன்று கம்பி எங்கே போய் நின்றது? கல் குவியலில். கொழுந்தனார் முகம் மலர்ந்துவிட்டது. வந்ததிலிருந்து அவர் பார்வை அந்தக் குவியலை விட்டு நகரவே இல்லை என்பதைக் கவனித்தவள் நான் ஒருத்திதான். கருவிக்காரரும் கவனித்திருப்பார்.

இது புது விஷயம் இல்லை. நம் ஊர்களில் நீரோட்டம் பார்ப்பவர்கள் கவட்டைக் குச்சியைப் பிடித்து நடப்பார்கள், உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து நடப்பார்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் தேங்காய் நிமிர்ந்துகொள்ளுமாம். அவர்களில் பலர் ஏமாற்றுகிறவர்கள் இல்லை, நிஜமாகவே நம்புகிறவர்கள். மனசில் எதிர்பார்ப்பது அறியாமலே தசையில் இறங்கிவிடுகிறது. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் கார்ப்பென்டர் இதை 1852-லேயே எழுதி வைத்திருக்கிறார். அதனால் கருவிக்காரரைப் பொய்யர் என்று நான் சொல்லப் போவதில்லை. அவர் நம்பிக்கைக்கு 15,000 கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி.

மதியத்துக்கு முன்னால் மழை பிடித்தது. தேவாலா, பந்தலூர் மழையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பு டப்பாவில் 'பீப்' வரவில்லை, விளக்கும் எரியவில்லை என்று அப்போதுதான் அவர் கவனித்தார். கருவியைத் திறந்தால் கேரண்டி போய்விடும் என்று காலையில் சொன்னவர், என் கடைக்கே கொண்டுவந்து, "அக்கா, கொஞ்சம் பார்த்துக் குடுங்க" என்றார்.

திறந்தேன். ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று. 555 என்கிற டைமர் ஐ.சி., பத்துப் பதினைந்து ரூபாய்க்குக் கிடைப்பது. ஐ.டி.ஐ.யில் முதல் வருடம் விளக்கை மினுக்கவைக்கச் சொல்லிக் கையில் கொடுப்பார்களே, அதே ஐ.சி. சின்ன பஸ்ஸர். தங்கம், வெள்ளி, நீர் என்று மாற்றும் திருகு வெவ்வேறு ரெசிஸ்டருக்குப் போகிறது, அதனால் 'பீப்' சத்தம் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ கேட்கும். மற்றபடி ஒன்றுமில்லை. ஆன்டெனாவுக்கும் போர்டுக்கும் நடுவே வயரே கிடையாது. அது பேரிங்கில் செருகிய வெறும் கம்பி. எதையும் வாங்குகிற சுற்று இல்லை, வாங்கியதைப் பெருக்குகிற சுற்றும் இல்லை. பேட்டரி கிளிப்பின் சிவப்பு வயர் அரித்து அறுந்திருந்தது. அறுந்த முனையில் பச்சை படிந்திருந்தது, இன்று நேற்று அறுந்ததில்லை. ஆக, காலை முழுவதும் அந்தக் கருவியில் சொட்டு மின்சாரம் ஓடவில்லை. காலை முழுவதும் கம்பி திரும்பிக்கொண்டுதான் இருந்தது.

ஈயம் வைத்து வயரைப் பற்றவைத்துக் கொடுத்தேன். கூலி முப்பது ரூபாய் வாங்கினேன், விடவில்லை.

ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு அதிர்வெண் உண்டு, அதைக் கருவி பிடிக்கிறது என்பது அவர்கள் விளக்கம். அணுக்கருவுக்கு அப்படி ஒன்று உண்டுதான். அதைக் கேட்க எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இருப்பது மாதிரியான பெரிய காந்தம் வேண்டும், பொருளை அதற்குள் வைக்கவும் வேண்டும். நகைக்கடையில் காரட் பார்க்கும் எக்ஸ்ரே மெஷின் தங்கத்தை நிஜமாகவே அடையாளம் காண்கிறது. ஆனால் நகையை உள்ளே வைத்து மூட வேண்டும், மெஷின் பார்ப்பதும் மேல்பூச்சு அளவுக்குத்தான். உள்ளே செம்பு இருந்தால்கூடத் தெரியாமல் போகலாம். ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்து மண்ணுக்கடியில் இருப்பதை ஒன்பது வோல்ட்டில் கேட்பதென்றால் நகைக்கடைக்காரர்கள் எதற்கு லட்சக்கணக்கில் மெஷின் வாங்குகிறார்கள்?

இதை அவரிடம் வேறு விதமாகக் கேட்டேன். "பந்தலூர் பஜார் இங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான். அடகுக் கடையில் கிடக்கிற தங்கத்தின் பக்கம் கம்பி ஏன் திரும்பவில்லை?" அவர் அசரவில்லை. மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடந்த தங்கத்தைச் சுற்றித்தான் ஒரு 'ஃபீல்ட்' உண்டாகும், கருவி பிடிப்பது அதைத்தான் என்றார். தங்கத்தின் பெருமையே மண்ணோடும் நீரோடும் சேராமல் ஆயிரம் வருடமானாலும் அப்படியே கிடப்பதுதான். இரும்பு துருவாகி மண்ணில் பரவும், செம்பு பச்சையாகும், தங்கம் எதை விட்டுப் 'ஃபீல்ட்' உண்டாக்கும்? அதோடு, அவர்கள் வீடியோவில் புல்லில் கிடந்தது அன்று காலை விரலில் இருந்த மோதிரம். விற்கும்போது மோதிரம் போதும், சோதிக்கும்போது போதாது.

சோதிக்கத்தான் செய்தோம். குறிக்க வேண்டிய இடங்களும் பேச வேண்டிய பணமும் இன்னும் பாக்கி இருந்ததால் அவரும் மறுக்க முடியவில்லை. மழை விட்டதும் வாசலில் பத்து பிளாஸ்டிக் வாளிகளைக் கவிழ்த்து வைத்தோம். என் வளையல்களும் அத்தையின் அட்டிகையும் துணியில் முடிந்து ஒரே பொட்டலம். அத்தை அட்டிகையைக் கழற்றித் தர யோசித்தார், "திரும்பி வருமா?" என்று கருவிக்காரரைப் பார்த்துக்கொண்டே என்னைக் கேட்டார். முதல் சுற்றில் எந்த வாளிக்கடியில் வைக்கிறோம் என்று எல்லோருக்கும் தெரியும்படி வைத்தோம். கம்பி ஒருமுறைகூடத் தவறவில்லை. அவரையே கேட்டேன், "கருவி நன்றாக வேலை செய்கிறதா, பேட்டரி, மழை, திசை எதிலும் குறை இல்லையே?" இல்லை, பக்கா என்றார். இதை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்வது முக்கியம், அப்புறம் கேட்டால் வேறு பதில் வரும்.

இரண்டாம் சுற்றில் பக்கத்து வீட்டுப் பையன் சீட்டுக் குலுக்கி எண் எடுத்து, அந்த வாளிக்கடியில் பொட்டலத்தை வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவான். நாங்கள் எல்லோரும் அதுவரை பின்கட்டில். வைத்தவன் முகத்தைப் பார்த்துக்கூட யாரும் கண்டுபிடிக்கக் கூடாது, அதனால்தான் அவனை உள்ளே அனுப்பியது. பத்து முறை வைப்பது, ஏழு முறை சரியாகச் சொன்னால் கேட்ட பணம் முழுவதும் என்பது பேச்சு. எட்டே சொல்கிறேன் என்றார் அவர், நான்தான் ஏழு போதும் என்றேன். குருட்டாம்போக்கில் ஏழு சரியாக வருவதற்கு லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் இருக்கிறது. வந்திருந்தால் நானே கடையை அடமானம் வைத்து அந்தக் கம்பியை வாங்கியிருப்பேன்.

சரியாக வந்தது ஒன்று. சும்மா கைகாட்டினாலே பத்தில் ஒன்று வரும்.

நாலாவது முறையிலேயே அவர் வாளி பிளாஸ்டிக் என்று ஆரம்பித்தார். பிறகு மேலே போகும் மின்கம்பி, பிறகு ஈரமண், கடைசியில் 'நம்பிக்கையில்லாதவங்க பக்கத்துல இருந்தா எனர்ஜி மாறும்'. முதல் சுற்றிலும் அதே வாளி, அதே மின்கம்பி, அதே ஈரமண், அதே நான். கொழுந்தனார் ஒன்றும் பேசாமல் வாளிகளை எடுத்து அடுக்கினார்.

இந்தச் சோதனை என் கண்டுபிடிப்பு இல்லை. 2010-இல் தாய்லாந்தில் ஜி.டி.200 என்ற வெடிகுண்டு கண்டுபிடிக்கும் கருவியை அரசாங்கமே இப்படித்தான் சோதித்தது. அதுவும் கைப்பிடியில் ஆடும் ஆன்டெனாதான். இருபது முறையில் நாலு சரி. அதை விற்ற கேரி போல்டனுக்கு 2013-இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஏழு வருடம் சிறை கொடுத்தது. அதே வருடம் அதே நாட்டில் ஜேம்ஸ் மெக்கார்மிக் என்பவருக்குப் பத்து வருடம். அவர் விற்றது ஏ.டி.இ. 651. கோல்ஃப் பந்து தேட என்று அமெரிக்காவில் இருபது டாலருக்குள் விற்ற பொம்மையை வாங்கி, ஸ்டிக்கர் மாற்றி, ஆயிரக்கணக்கான டாலருக்கு இராக்கில் விற்றார். அதற்குள் செருகும் அட்டையைக் கேம்பிரிட்ஜில் பிரித்துப் பார்த்தபோது, கடைகளில் பொருள் திருடு போகாமலிருக்க ஒட்டிவிடும் சின்னப் பட்டைதான் இருந்தது. பாக்தாத் சோதனைச் சாவடிகளில் போலீஸ்காரர்கள் அந்தக் கம்பியை நம்பி வண்டிகளை உள்ளே விட்டார்கள். அவர்களுக்கும் முன்னால் அமெரிக்காவில் குவாட்ரோ டிராக்கர் என்று ஒன்று, பள்ளிக்கூடங்களுக்கும் போலீசுக்கும் 8,000 டாலர் வரைக்கும் விற்றது. உள்ளே வெறும் பிளாஸ்டிக் கூடு. 1996-இல் நீதிமன்றம் விற்பனைக்குத் தடை போட்டது. எங்களுக்கு வந்த கருவியில் 555 ஐ.சி.யாவது இருந்தது, அந்த வகையில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

குண்டு தேடும் கருவி பொய் என்றால் குண்டு வெடித்து ஒருநாள் தெரிந்துவிடுகிறது. புதையல் தேடும் கருவிக்கு அந்தப் பயமில்லை. கிடைக்கவில்லை என்றால் இன்னும் ஆழத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. வாளிச் சோதனைக்குப் பிறகும் கொழுந்தனாருக்கு மனசு ஆறவில்லை, குறித்த இடத்தைத் தோண்டியே பார்ப்போம் என்றார். ஆழம் 12 அடி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கல்லைப் புரட்டிவிட்டு மார்பளவு தோண்டியதில் வேரும் செம்மண்ணும் வந்தது, கீழே ஊற்றெடுத்துத் தண்ணீர் நின்றது, ஓரம் சரிய ஆரம்பித்தது. கணவர் சத்தம் போட்டு மேலே ஏறச் சொன்னார். போன் போட்டுக் கேட்டால், பூஜை போடாமல் கல்லைப் புரட்டியதால் பொருள் இடம் நகர்ந்துவிட்டது என்று பதில். ஜெர்மன் டெக்னாலஜி அந்த இடத்தில் முடிந்து பூஜை ஆரம்பித்தது.

நட்சத்திரத்தை ஒன்றுக்கு மேல் ஏற்றாமல் இருக்க எனக்கு இது ஒன்றே போதும். தேவாலாப் பக்கம் பழைய சுரங்கக் குழிகளில் தங்கம் தேடி இறங்கி, மண் சரிந்தும் மூச்சு முட்டியும் செத்தவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் இந்த மண்ணில் 12 அடி குழி என்பது, பக்கம் கட்டாமல் தோண்டினால், தோண்டுகிறவனுக்கே குழி. எழுதிக் கொடுத்தவர் கோயம்புத்தூர் பஸ் ஏறிவிடுவார். அப்புறம் சட்டம். 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், மறைத்தால் ஒரு வருடம் வரை ஜெயில். இவர்கள் தரும் ஒப்பந்தத் தாளில் நாலில் ஒரு பங்கு இருக்கிறது, கலெக்டர் இல்லை. நிஜமான கல்வட்டம் இருக்கும் இடத்தில் தோண்டினால் தொல்லியல் சட்டம் தனி.

இவ்வளவு படித்தபிறகும் மண்ணுக்குள் எதையாவது தேடியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு: நிஜமான மெட்டல் டிடெக்டர் என்று ஒன்று இருக்கிறது. நீளக் கம்பின் அடியில் தட்டு மாதிரி ஒரு கம்பிச்சுருள், அதாவது காயில், இருக்கும், தரையை ஒட்டி ஆட்டிக்கொண்டே போக வேண்டும். அந்தச் சுருள் ஒரு காந்தப் புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது, உலோகம் இருந்தால் அதில் மின்னோட்டம் சுழன்று பதில் புலம் வருகிறது. போகும்போதும் குறைகிறது, வரும்போதும் குறைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் பதில் 64-இல் ஒரு பங்காகிவிடும். ஒரு நாணயத்தை ஒரு அடி ஆழத்தில் கண்டுபிடித்தாலே அது நல்ல கருவி. அதே நாணயத்தை ஆயிரம் அடியில் பிடிக்க வேண்டுமானால் ஒன்றுக்குப் பின்னால் 18 சைபர் போட்டால் வரும் எண்ணின் மடங்கு நுணுக்கமான காது வேண்டும். பெரிய பானை, இரும்புப் பெட்டி என்றால் ஓரிரு மீட்டர் வரை கிடைக்கலாம். தூரம் சொல்லி விற்கிறவரிடம் இந்தக் கணக்கைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் குழாய் வேலை செய்யும் ஒருவர், மண்ணில் புதைந்த இரும்புக் குழாயைத் தேட அப்படி ஒன்று வைத்திருக்கிறார், பழுதுக்கு என்னிடம்தான் வரும். அதை வாங்கிவந்து கல் குவியலைச் சுற்றி ஆட்டிப் பார்த்தேன். நம் செம்மண்ணில் இரும்பு அதிகம், அதனால் சும்மா இருக்கும்போதே முனகும், அதை அடக்க மண்ணுக்குத் தக்கபடி திருகித் திருகி வைக்க வேண்டியிருந்தது. கிடைத்தவை: கவாத்துக் கத்தியின் உடைந்த முனை, பூச்சிமருந்து டப்பா மூடி, பான்மசாலா உறைகள், ஒரு பழைய பத்துப் பைசா. பத்துப் பைசாவை அத்தை கழுவிச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டார். சத்தம் கேட்ட இடத்தில் எல்லாம் தோண்டினால் ஏதோ ஒன்று இருந்தது, குப்பையானாலும். அதுதான் வேலை செய்யும் கருவிக்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசம். ஆனால் அதுவும் பாறைக்குள் பொடியாகக் கலந்திருக்கும் தங்கத்தைக் காட்டாது, அதற்காக வாங்காதீர்கள்.

வாடிக்கையாளர் சேவை பற்றியும் சொல்ல வேண்டும். பணம் வாங்கும் முன் எடுக்கும் போனைப் பணம் வாங்கிய பின்னும் எடுக்கிறார்கள், அதற்குக் குறை சொல்ல மாட்டேன். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பார்த்த கூலிதான் அது, திருப்பும் வழக்கம் இல்லை என்றார்கள். ரசீது கேட்டேன், வாட்ஸ்அப்பில் ஒரு கும்பிடு வந்தது. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று நான் சொன்னதற்குக் கொழுந்தனார், "ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும் அண்ணி" என்று தடுத்துவிட்டார். இந்தத் தொழில் நிற்பதே இந்த மானத்தின் மேல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் சம்மதித்த பிறகுதான் இதை எழுதுகிறேன், பெயர் போடாமல்.

விடாமல் கேட்டதில் ஒரு சலுகை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் பக்கத்தில் எருமாடு என்ற ஊருக்கு ஒரு வேலையாக வருகிறார்களாம். எங்கள் நிலத்தில் கிணறு வெட்டும் எண்ணமிருந்தால் அதே கருவியில் திருகை 'நீர்' பக்கம் திருப்பி, பாதிக் கட்டணத்தில் நீரோட்டம் பார்த்துத் தருவார்களாம். கொழுந்தனார் யோசித்துக்கொண்டிருக்கிறார்.